வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்றும் முன் மண்ணில் ஒரு விரல் விட்டுப் பாருங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: காலை, மாலை இரண்டு வேளையும் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் மத்தியானம் செடிகள் துவண்டு விழுகின்றன, தக்காளி பூத்துப் பூத்து உதிர்கிறது, ஒரு வாரம் வெயில் கொளுத்திய பிறகு இரண்டு நாள் மழை பெய்ததும் தொட்டிச் செடிகளின் அடி இலைகள் மஞ்சளாகிவிட்டன, இப்போது உரம் போடலாமா, மருந்து அடிக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் சொன்ன எல்லாத் தொல்லைக்கும் வேர் இருக்கும் மண்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வெயிலையும் மழையையும் நம்மால் பிடித்து நிறுத்த முடியாது, ஆனால் வேரைச் சுற்றியுள்ள அரை அடி மண்ணின் ஈரத்தையும் சூட்டையும் ஓரளவுக்கு ஒரே சீராக வைத்திருக்க முடியும். அதைச் செய்துவிட்டால் மேலே நடக்கிற பாதித் தொந்தரவு தானாகவே அடங்கிவிடும்.

முதலில் மத்தியான வாட்டம். உச்சி வெயிலில் இலை தன் துளைகள் வழியாக நீரை ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்வித்துக் கொள்கிறது. வேர் உறிஞ்சுவதைவிட இலை வேகமாக இழக்கும்போது, மண்ணில் ஈரம் இருந்தாலும் இலை தொங்கிவிடும். இலைத் துளைகளையும் செடி மூடிக்கொள்ளும். பூசணி, சுரை, வெள்ளரி மாதிரி அகல இலைச் செடிகள் இதில் முதலிடம், மூன்று மணிக்குப் பார்த்தால் செத்தே போய்விட்டது போலக் கிடக்கும், ஏழு மணிக்கு நிமிர்ந்து நிற்கும். இது நோயல்ல, தாகம் என்றுகூடச் சொல்ல முடியாது, வெயிலைத் தாங்க அது செய்யும் ஏற்பாடு. இதைப் பார்த்துப் பதறி மறுபடி மறுபடி தண்ணீர் ஊற்றுவதால்தான் பல தொட்டிகளில் வேர் அழுகுகிறது. கவலைப்பட வேண்டியது காலை வாட்டத்துக்கு. இரவெல்லாம் குளிர்ந்த பிறகும், வெயில் ஏறும் முன்னரே இலை தொங்கினால் ஒன்று மண் உண்மையிலேயே காய்ந்திருக்கிறது, அல்லது வேரில் கோளாறு.

இந்த இரண்டில் எது என்று சொல்வது விரல்தான். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். நுனியில் குளிர்ச்சியும் ஈரமும் தெரிந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். மேல்மண் வெளுத்துப் பாளம் பாளமாக இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கலாம், மேலே சொதசொதவென்று இருந்தும் உள்ளே பொடிமண்ணாக இருக்கலாம். சின்னத் தொட்டியாக இருந்தால் தூக்கிப் பாருங்கள், தண்ணீர் ஊற்றிய தொட்டிக்கும் காய்ந்த தொட்டிக்கும் உள்ள எடை வித்தியாசம் நான்கு நாளில் கைக்குப் பழகிவிடும். எத்தனை வேளை ஊற்றுவது என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. மணல் கலந்த மண் சீக்கிரம் காயும், களிமண் நாள்கணக்கில் ஈரம் பிடித்து வைக்கும். காற்றடிக்கிற மாடியில் ஒரு கணக்கு, சுவர் மறைவில் இன்னொரு கணக்கு.

ஊற்றும் விதம்தான் அடுத்தது. இரண்டு வேளையும் பூவாளியால் லேசாகத் தெளித்துவிட்டுப் போனால் மேலே இரண்டு விரற்கடை மண் மட்டும் நனையும், வேரும் ஈரத்தைத் தேடி அங்கேயே மேலே சுருண்டு கிடக்கும். வெயிலில் முதலில் காய்வதும் முதலில் சூடேறுவதும் அந்த மேல்மண்தான். அதனால் ஊற்றும்போது முழுதாக ஊற்றுங்கள், தொட்டியின் அடித்துளையில் தண்ணீர் வரும் வரைக்கும். அப்புறம் விரலுக்கு மண் காய்ந்தது தெரியும் வரை காத்திருங்கள். தரையில் பாத்தி போட்டிருந்தால் ஒரு கணக்கு உதவும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 1 லிட்டர் தண்ணீர். காய்கறிப் பாத்திக்கு வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் என்று பொதுவாகச் சொல்வார்கள், அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர், கடும் வெயிலில் அதைவிடக் கூடும். இதைத் தினம் மூன்றரை லிட்டராகத் தெளிப்பதைவிட வாரத்தில் இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து ஆழமாகக் கட்டுவது நல்லது. தொட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே மண் குறைவு, காற்றும் வெயிலும் நான்கு பக்கமும் தாக்கும், நன்றாக வளர்ந்த தக்காளிக்குத் தினம் ஒரு முறை, சில நாள் இரண்டு முறைகூடத் தேவைப்படும்.

தொட்டிக்காரர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தொட்டியில் உள்ள மண்கலவை ஒரு தடவை எலும்பாகக் காய்ந்துவிட்டால் சீக்கிரத்தில் தண்ணீரை ஏற்காது. மண்கட்டி சுருங்கித் தொட்டிச் சுவரிலிருந்து விலகி நிற்கும், ஊற்றிய தண்ணீர் அந்த இடுக்கு வழியாகச் சரசரவென்று இறங்கி அடித்துளையில் வந்துவிடும். தண்ணீர் நன்றாக இறங்கியது என்று நாம் திருப்தியாகப் போவோம், உள்ளே வேர்க்கட்டி காய்ந்தபடியே இருக்கும். இதற்கு வழி, அந்தத் தொட்டியை ஒரு வாளித் தண்ணீரிலோ அகலத் தட்டிலோ அரை மணி நேரம் உட்கார வைப்பது. மேல்மண் கறுத்து ஈரம் தெரிந்ததும் எடுத்து வடியவிட்டுவிடுங்கள். பெரிய தொட்டியாக இருந்தால் கால் மணிக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக மூன்று நான்கு தடவை ஊற்றுங்கள்.

ரப்பர் குழாயில் பிடிப்பவர்களுக்கு ஒரு விஷயம். வெயிலில் கிடந்த குழாயில் தேங்கிய தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் வரும். முதலில் வருவதைக் கீழே விட்டு, கையில் பிடித்துப் பார்த்து, ஆறிய பிறகு செடிக்குக் காட்டுங்கள்.

காலை நேரம்தான் தண்ணீருக்கு நல்லது, வெயில் ஏறும் முன் செடி வயிறு நிறைந்திருக்கும், இலையில் பட்ட ஈரமும் சீக்கிரம் உலரும். மாலையில் ஊற்றினால் தூரில் மட்டும் ஊற்றுங்கள், இரவு முழுக்க இலை நனைந்திருந்தால் பூசண நோய்க்கு அழைப்பு. உச்சி வெயிலில் தண்ணீர் தெளித்தால் துளி கண்ணாடி வில்லை போல இலையைச் சுட்டுவிடும் என்று சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வழவழப்பான இலையில் அப்படி நடப்பதில்லை. மண்ணும் உள்ளே காய்ந்து, செடியும் உண்மையிலேயே வாடிச் சாகக் கிடக்கிறது என்றால் மணி பார்க்காமல் மத்தியானமே ஊற்றிவிடுங்கள்.

சூட்டுக்கு வருவோம், ஏனென்றால் பலரும் வெயிலை இலையின் பிரச்சினையாகவே பார்க்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு கத்தரிச் செடி கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில், மேற்குப் பார்த்த சுவரோரம் இருந்தது. தண்ணீர் சரியாக இருந்தும் ஒரு பக்கக் கிளைகள் மட்டும் நாளுக்கு நாள் சோர்ந்துகொண்டே போயின. கடைசியில் தொட்டியைக் கவிழ்த்துச் செடியை மண்கட்டியோடு வெளியே எடுத்தேன். வீட்டுச் சுவரைப் பார்த்த பக்கம் வேரெல்லாம் வெள்ளையாக, நூல் நூலாக இருந்தது. வெயில் பட்ட பக்கம் தொட்டியின் வளைவோடு ஒட்டிய வேர்கள் பழுப்பாகி, விரலால் இழுத்தால் மேல்தோல் மட்டும் உருவிக்கொண்டு வந்தது. வெந்துபோன வேர். நேரடி வெயிலில் நிற்கும் கறுப்புத் தொட்டியில் ஓரத்து மண் 45, 50 டிகிரி செல்சியஸ் வரை போகும், பெரும்பாலான காய்கறி வேர்களுக்கு 40ஐத் தாண்டினாலே ஆபத்து. அந்தச் செடிக்கு நான் அதுவரை செய்ததெல்லாம் வீணாகப் போனதற்குக் காரணம் மண்ணைத் தொட்டுப் பார்த்தேனே தவிர, தொட்டியைத் தொட்டுப் பார்க்கவே இல்லை என்பதுதான். அன்றிலிருந்து மத்தியானம் மூன்று மணிக்குத் தொட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கை வைக்க முடியவில்லை என்றால் வேரும் அங்கே இருக்க முடியாது.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. தொட்டிகளைப் பிரித்துப் பிரித்து வைக்காமல் நெருக்கி ஒன்றாக வையுங்கள், ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழும், அந்த இடத்தில் காற்றின் ஈரமும் கொஞ்சம் கூடும். வெயில் பக்கம் காலித் தொட்டியோ பலகையோ சாக்கோ தடுப்பாக நிற்கட்டும். சின்னத் தொட்டியைப் பெரிய தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் காய்ந்த சருகைத் திணித்தால் இன்னும் நல்லது. சிமெண்ட் தரையில் நேராக வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அடித்துளையும் அடைபடாது. மண்தொட்டி சுவர் வழியாக நீரைக் கசியவிட்டுக் குளிர்ந்திருக்கும், ஆனால் அதே காரணத்தால் சீக்கிரம் காயும், அது தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

மூடாக்கு போடாத செடி இருந்தால் இன்றே போடுங்கள். ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். காய்ந்த இலை, வைக்கோல், உலர்ந்த புல், எது கையில் கிடைக்கிறதோ அது, 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு. வெயில் மண்ணை நேராகத் தொடாது, காற்று ஈரத்தை உறிஞ்சாது, பெருமழை பெய்தால் மண் தெறித்து அடி இலையில் ஒட்டாது, அதாவது வெயிலுக்கும் மழைக்கும் ஒரே மருந்து. போடும்போது கவனிக்க வேண்டியவை சில. காய்ந்த மண்ணின் மேல் போடாதீர்கள், நன்றாக நனைத்துவிட்டுப் போடுங்கள். தண்டை ஒட்டிக் குவிக்காமல் இரண்டு மூன்று விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும். பச்சைப் புல்லைக் கனமாகக் கொட்டினால் அது தானே சூடேறிப் பாய் போலப் படிந்துவிடும், உலர்த்திப் போடுங்கள்.

நிழல்வலை கட்டுபவர்கள் அடர்த்தியைப் பார்த்து வாங்க வேண்டும். காய்கறிக்கு 30 முதல் 50 சதவீதம் நிழல் தரும் வலை போதும். 75 சதவீத வலையைக் கட்டினால் செடி பச்சைப் பசேலென்று ஒல்லியாக உயரும், காய் இருக்காது. தலைக்கு மேல் கட்டினாலும் மேற்குப் பக்கம் இறக்கிவிட மறக்காதீர்கள், மத்தியானத்துக்குப் பிந்திய சாய்வெயில்தான் அதிகம் சுடும். செடிக்கும் வலைக்கும் நடுவே காற்று போக நல்ல இடைவெளி வேண்டும். இன்னொன்று, நிழலிலேயே இருந்த செடியையும், நாலைந்து நாள் மேகமூட்டத்தில் கிடந்த செடியையும் ஒரே நாளில் முழு வெயிலுக்குத் தள்ளாதீர்கள். இலை வெளுத்துக் காகிதம் மாதிரி காய்ந்துவிடும், அந்தத் தழும்பு மாறாது. முதல் நாள் காலை வெயில் மட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

தக்காளிப் பூ உதிர்வதைப் பற்றி நிறையப் பேர் மனம் உடைந்து பேசுகிறார்கள். பகல் 32, 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24க்குக் கீழே இறங்காமல் புழுங்கினால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும், கருக்கூடாத பூ காம்போடு விழும். இதற்கு எந்த டானிக்கும் கிடையாது. உரத்தைக் கூட்டினால் இலைதான் கொழுக்கும். அந்த வாரங்களில் செடியை உயிரோடும் வேரோடும் காப்பாற்றினால் போதும், இரவு குளிர ஆரம்பித்ததும் அதே செடி காய் பிடிக்கும். விடியற்காலையில் பூங்கொத்தை விரலால் மெல்லத் தட்டிவிடலாம், உதிரக்கூடிய மகரந்தம் கொஞ்சம் இருந்தால் அது பயன்படும். சின்னப் பழம் தரும் செர்ரி ரகங்கள் பெரிய ரகங்களைவிட வெயிலில் நன்றாகக் காய்க்கும். பிடித்த காயும் 30 டிகிரிக்கு மேல் சரியாகச் சிவக்காது, சிவப்பு நிறமி உருவாவது தடைபட்டு ஆரஞ்சு மஞ்சளாகவே நிற்கும், நிறம் திரும்ப ஆரம்பித்ததும் பறித்து வீட்டுக்குள் நிழலில் வைத்தால் பழுக்கும். பூசணிக் குடும்பத்துக் கொடிகள் வெயிலில் ஆண் பூவாகவே பூத்துத் தள்ளும், அதற்கும் பொறுமைதான்.

தக்காளியின் அடிப்பகுதியில் கறுப்பாக, தோல் போல அமுங்கிய வட்டம் வந்தால் அது பூச்சியோ பூசணமோ இல்லை. சுண்ணாம்புச் சத்து காய் நுனி வரை போய்ச் சேராததால் வருவது. மண்ணில் அந்தச் சத்து பெரும்பாலும் இருக்கும், அதைச் சுமந்து செல்வது தண்ணீர், தண்ணீர் ஒரு நாள் வெள்ளமாகவும் இரண்டு நாள் வறட்சியாகவும் இருந்தால் நுனிக்கு எட்டாது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதால் இந்தக் காய் திருந்தாது. கெட்ட காயைக் கிள்ளிவிட்டு ஈரத்தைச் சீராக்குங்கள், அடுத்த கொத்து சரியாக வரும்.

வெயில்காலத்தில் நான் உண்மையாகவே அஞ்சுவது செஞ்சிலந்தி என்ற, இலைச்சாற்றை உறிஞ்சும் தூசி அளவு உயிருக்குத்தான். வறண்ட காற்றும் சூடும் தூசும் அதற்குக் கொண்டாட்டம், 30 டிகிரியில் முட்டையிலிருந்து முழுப்பூச்சியாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும், அதனால் இந்த வாரம் நான்கு இலையில் இருந்தது அடுத்த வாரம் செடி முழுக்க இருக்கும். இலையின் மேல்புறம் ஊசி முனையால் குத்தியது போல வெளிர்ப் புள்ளிகள் தெரிந்தால் உடனே ஒரு வெள்ளைத் தாளை இலைக்குக் கீழே பிடித்து, இலையை இரண்டு தட்டு தட்டுங்கள். தாளில் தூசி மாதிரி விழும். பத்து நொடி அப்படியே பிடித்துப் பாருங்கள், அந்தத் தூசியில் சிலது நகரும். விரலால் தேய்த்தால் செம்பழுப்புக் கோடு இழுக்கும். இருப்பது உறுதியானால் காலையில் தண்ணீரை வேகமாக இலையின் அடிப்புறத்தில் பீய்ச்சுங்கள், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, குறைந்தது இரண்டு வாரம். மோசமான இலைகளைப் பறித்துப் பையில் கட்டி எறியுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசல் அடிப்பதானால் மாலையில், 32 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு, அதுவும் தண்ணீர் குடித்துத் தெளிவாக நிற்கும் செடிக்கு மட்டும். சூட்டில் எண்ணெய் பட்டால் இலை கருகும். கண்ணை மூடிக்கொண்டு கடும் பூச்சிமருந்து அடித்தால் சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகள் சாகும், சிலந்தி இன்னும் பெருகும்.

சரி, மழை. ஒரு வாரம் காய்ந்துவிட்டுத் திடீரென்று சடசடவென்று கொட்டும் மழை வெயிலைவிட அதிகம் கெடுக்கும். பழுத்துவரும் தக்காளி தண்ணீரை ஒரேயடியாக இழுத்துத் தோல் வெடிக்கும், ஆகவே மழை வரும் போல இருந்தால் நிறம் மாறிய காய்களை முன்கூட்டியே பறித்துவிடுங்கள். மண்ணின் காற்றறைகள் எல்லாம் நீரால் நிறைந்துவிடும், நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு, அதனால் வேர் மூச்சுத் திணறும். மூச்சுத் திணறும் வேர் தண்ணீரையும் உறிஞ்சாது, ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி வாடும். அதைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது. கூடவே மழை தழைச்சத்தைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடும், உங்கள் அடி இலைகள் மஞ்சளானது பெரும்பாலும் இந்த இரண்டாலும்தான். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் மழை நாளில் எடுத்துவிடுங்கள், வடிகால் துளையை ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். மழை எவ்வளவு பெய்தது என்று தெரிய நேர்ச்சுவர் உள்ள ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வைத்தால் போதும். பல நாள் அது பெரிய மழை போல இரைந்திருக்கும், டப்பாவில் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், அன்று தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும். இலைகள் அடர்ந்த செடிகளின் தூரில் மழை இறங்கியே இருக்காது, அதையும் விரல் விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கொளுத்தும் நாள்களில் செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். காய்ந்த மண்ணில் உரம் போடாதீர்கள், உப்புச் செறிவு கூடி வேரிலிருந்தே நீரை இழுக்கும். இலையைக் கழித்து மொட்டையடிக்காதீர்கள், அந்த இலைதான் காய்க்கும் தண்டுக்கும் குடை. காய்ந்து அசிங்கமாகத் தொங்கும் இலைகூட சில நாள் இருந்துவிட்டுப் போகட்டும். நாற்று நடுவதும் தொட்டி மாற்றுவதும் தள்ளிப் போகட்டும், தவிர்க்க முடியாவிட்டால் மாலையில் நட்டு மூன்று நான்கு நாள் நிழல் கொடுங்கள். கொத்தமல்லியும் லெட்யூஸும் வெயிலில் பூத்தண்டு விட்டுக் கசந்துபோகும், அவற்றோடு மல்லுக்கட்டாமல் அந்த இடத்தில் வெண்டை, தட்டைப்பயறு, தண்டுக்கீரை விதையுங்கள், தண்டுக்கீரைக்கெல்லாம் சூடு ஒரு பொருட்டே இல்லை.

இரண்டு நாள் வெளியே போக வேண்டியிருந்தால் பூச்சுப் பூசாத மண்பானையைக் கழுத்து வரை பாத்தியில் புதைத்து நீர் நிரப்பி மூடிவிட்டுப் போகலாம், மண் காயக் காயப் பானை கசியும். சீனாவில் 2,000 வருடங்களுக்கு முன்பே விவசாயக் குறிப்புகளில் எழுதி வைத்த முறை இது.

உங்கள் மஞ்சள் தொட்டிகளுக்கு இப்போது செய்ய வேண்டியது: தட்டை எடுங்கள், துளையைத் திறங்கள், தண்ணீரை நிறுத்துங்கள். காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு நகர்த்துங்கள். தினமும் காலையில் விரல் விட்டுப் பாருங்கள், இரண்டாவது கணுவில் மண் காய்ந்தது தெரிந்த அன்று முழுதாக ஊற்றி மூடாக்கு போடுங்கள். மஞ்சளான இலை மறுபடி பச்சையாகாது, அதைப் பார்த்துக் கொண்டிருக்காமல் நுனிக் கொழுந்தைப் பாருங்கள். அங்கே புதிதாக இரண்டு இலை பச்சையாக விரிந்த பிறகு, பாதி அளவு உரத்தைத் தண்ணீரில் கரைத்து, ஈர மண்ணில் ஊற்றுங்கள். பத்து நாளாகியும் கொழுந்து அசையவில்லை என்றால் ஒரு தொட்டியை மட்டும் மெல்லக் கவிழ்த்து, வேர் வெள்ளையா பழுப்பா, மண்ணில் புளித்த வாடை அடிக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று அதை வைத்துப் பார்ப்போம்.